யார் மடியில் உட்காரப் போகிறாய்?

வித்யா,

உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தாய், ஆபீஸில் இங்கிலீஷ் பேசுகிறாய், தமிழ் வீட்டுக்குள் வாய்ப்பேச்சுக்கு மட்டும்தான். அது தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். வாட்ஸாப்பில் அனுப்பினால் இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் ஒரு பார்வை பார்த்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இதை அப்படித் தாண்டிப் போக முடியாது. கழக்கூட்டம் ஃப்ளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, விரல் வைத்து, வரி வரியாகப் படி. நடுவில் எனக்கு ஃபோன் பண்ணாதே. நான் எடுக்கப் போவதில்லை. இதை ஒளித்து வைத்துப் படிக்கவும் வேண்டாம். கரமனையில் நம் தெருக்காரர்கள் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். அவர்களில் சிலருக்கும் இதில் பங்கு உண்டு.

எனக்கு உன்மேல் கோபம். சாதாரணக் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "முகூர்த்தத்துக்கு சித்தப்பாவும் சித்தியும் உக்காரட்டும்மா, நான் அவாகிட்ட பேசிட்டேன்" என்று சொன்னாயே, அப்போது தொடங்கியது இல்லை இந்தக் கோபம். போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அடுப்பில் ஏற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதான் பொங்கியது. தாலி கட்டும் நேரத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும் என்பது நம் வழக்கம். அப்பா இல்லாத பெண்கள் சித்தப்பா மடியிலோ மாமா மடியிலோ உட்காருவார்கள். உனக்கு அப்பா இருக்கிறார். நீ அதைச் சொன்னபோது அந்த மேஜையிலேயே, உனக்கு எதிரில், ரசத்துக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீ சொல்லப் போகும் பதில் எனக்குத் தெரியும். "அப்பாவுக்கு ஸ்ட்ரெஸ் கூடாது, அவர் நன்மைக்குத்தான்" என்பாய். உன் வாயில் 'நன்மை' என்ற சொல் வந்தாலே இப்போது நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கும் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்த விதம் வேறு.

அன்று அப்பா சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். கண்டக்டர் எனக்கு ஃபோன் பண்ணினார். "அம்மே, சாரு பஸ்ஸில் வீணு. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகுகயாணு" என்றார். பஸ்ஸில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அந்த பஸ்ஸில் இருந்தாள். காய்கறிப் பையைக் காலால் தள்ளிவிட்டு, அவரை நடைவழியில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிக்கொண்டே வந்தாளாம். டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில்தான் இறங்கினார்கள். அப்பாவின் விலா எலும்பு உடைந்திருந்தது. இதயம் மறுபடி துடித்தது. முன்பின் தெரியாத அத்தனை பேர் அவரை விட்டுவிடாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதை நீ நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ கழக்கூட்டத்திலிருந்து அந்த டிராஃபிக்கில் எப்படி வந்தாயோ, வந்து சேர்ந்தாய். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாய். அதில் நான் தப்பு சொல்லமாட்டேன். ஒருவருக்கு ஸ்லோகம், ஒருவருக்கு லேப்டாப். ஐ.சி.யூ.விலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. நீ அவற்றை ஃபோட்டோ எடுத்து, பெரிதாக்கி, எதையோ தேடினாய். தேடத் தேட உன் முகம் மாறியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தம் உறைவது பற்றிய டெஸ்டுகளில் ஒன்றைக் காட்டினாய். டி-டைமர் என்றாய். இருக்க வேண்டிய அளவுக்கு எத்தனையோ மடங்கு மேலே இருந்தது. "அம்மா, ஹார்ட் நின்னு திரும்ப வந்தவாளுக்கு இது இவ்வளவு ஏறியிருந்தா பிரெயின் ரெகவர் ஆறது ரொம்பக் கஷ்டம்னு ஸ்டடீஸ் இருக்கு. நான் படிச்சேன்" என்றாய். "அப்படின்னா?" என்று கேட்டேன். "அப்படின்னா அப்பா திரும்பி வரமாட்டார்மா. உடம்பு இருக்கும். அப்பா இருக்கமாட்டார்." நீ சொன்னது அப்படியே இதுதான். ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை.

அப்போது உள்ளே அவருக்கு மயக்க மருந்து போய்க்கொண்டிருந்தது. மூச்சு மெஷினில். டாக்டர் நம்மிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் நீ முடிவு கட்டிவிட்டாய். சரி, பயத்தில் சொன்னாய் என்று நான் விட்டிருப்பேன். பெற்றவளுக்கு அதைக்கூட விடத் தெரியாதா? அதற்கு அடுத்து நீ செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நம் தெருக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்த நேரம் அது. பந்தல் போட்டாயிற்று, வெளியூரிலிருந்து வேத பாராயணத்துக்கு ஆட்கள் வந்து இறங்கியாயிற்று. தெருவில் ஒரு உயிர் போனால், பிணம் தெருவைத் தாண்டும்வரை கோயில் நடை திறக்கமாட்டார்கள், எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கமிட்டி செக்ரட்டரி மணி ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் எதிரில் உட்கார்ந்து ராம ராம என்றார். பிறகு உன்னை வராந்தாவின் அந்தக் கோடிக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் என் முன்னால் கைகூப்பி நின்றார்.

"மன்னி, உங்க பொண்ணு பெரிய மனசு பண்ணிட்டா. எங்களுக்குக் கேக்கவே நாக்கு எழல்லை. அவளாவே சொல்லிட்டா" என்றார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அதாக்கும்... ஏதாவது ஆயிடுத்துன்னா, தெருவுக்குக் கொண்டு வராம, இங்கேருந்தே நேரே கொண்டு போயிடறோம்னா. ஆயிரம் பேர் கூடற காரியமில்லையா. உங்காத்துக்காரரும் இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பர்."

இருந்தால்! வித்யா, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் என் பெண்ணும் கமிட்டிக்காரரும் அவரை எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போவது என்று பேசி முடித்துவிட்டார்கள். அவர் கட்டின வீட்டு வாசலுக்குக்கூட அவர் வரக்கூடாது. நான் அவரைக் குளிப்பாட்ட வேண்டாம், அக்கம்பக்கம் வந்து பார்க்க வேண்டாம், நேரே மயானம். அதற்கு எனக்கு நன்றி வேறு. நான் மணியிடம் ஒன்றும் கத்தவில்லை. "காபி ஆறிப்போச்சு, எடுத்துண்டு போங்கோ" என்றேன். அவர் போன பிறகு உன்னைப் பார்த்தேன். "பிராக்டிகலா இருக்கணும்மா" என்றாய். அன்றைக்கு நான் உன்னை அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை, அவ்வளவுதான்.

அவரை முதலில் தலைமுழுகியது தெரு இல்லை, நீ. அதுவும் எதை வைத்து? ஒரே ஒரு எண்ணை வைத்து.

டாக்டர் வந்ததும் நான்தான் கேட்டேன், உனக்கு நினைவிருக்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நம்மோடு தமிழில் பேசினார். உன் ஃபோனை வாங்கி அவரிடம் காட்டி, இந்த எண்ணைப் பார்த்தால் இவருடைய மூளை பிழைக்குமா பிழைக்காதா தெரியுமா என்று நேராகவே கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லுகேன், கேட்டுக்கிடுங்க. ஹார்ட் நிக்கும்போ ரத்தம் ஓடாம நின்னுரும். நின்ன ரத்தம் சின்னச் சின்னக் குழாய்ல எல்லாம் உறைய ஆரம்பிக்கும். திரும்ப ஓட ஆரம்பிச்சதும் உடம்பு அதைக் கரைக்கப் பாக்கும். கரைஞ்சதுல மிஞ்சுக துணுக்கைத்தான் இந்த டெஸ்ட் அளக்குது. ரொம்ப நேரம் நின்னவங்களுக்குப் பொதுவா ஜாஸ்தியா இருக்கும். அதனால, மூளை எப்பிடித் தேறும்னு முன்கூட்டியே சொல்ல இது உதவுமான்னு ஆராய்ச்சி பண்ணுகாங்க. பொய் இல்ல. ஆனா இவருக்கு விலா ஒடைஞ்சிருக்கு, நெஞ்சுல அந்த அமுக்கு அமுக்கியிருக்காங்க. அதுக்கும் இது ஏறும். கிருமி புகுந்தாலும் ஏறும். கூட்டத்தைப் பத்தி ஒண்ணு சொல்லலாம், இந்தக் கட்டில்ல கிடக்குதவரைப் பத்தி இதை மட்டும் வெச்சு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அப்போ எதை வெச்சு சொல்லுவேள்?" என்றேன்.

"மயக்க மருந்து முழுசா இறங்கணும். கண்ணுல லைட் அடிச்சா பாப்பா சுருங்குதா, கூப்பிட்டா, கிள்ளினா என்ன பண்ணுகாரு, மூளையோட அலை எப்பிடி இருக்கு, ஸ்கேன் என்ன சொல்லுது, எல்லாத்தையும் சேத்து வெச்சுத்தான் பேசணும். அதுவரைக்கும் காத்திருக்கணும். நல்லாயிருவாருன்னும் நான் சொல்லல, பாத்துக்கிடுங்க."

நல்லாகிவிடுவார் என்றும் சொல்லவில்லை. அதை நான் மறைக்கவில்லை. அவர் கேட்டது காத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான். நீ படித்ததில் பொய் இல்லை என்று அவரே சொன்னார். படித்தவள் முழுவதையும் படித்திருக்க வேண்டாமா? அரை வேக்காடு சாதத்தை இலையில் பரிமாறுகிற மாதிரி, உன் பயத்துக்கு ஏற்ற இரண்டு வரி கிடைத்ததும் லேப்டாப்பை மூடிவிட்டாய். ஆபீஸில் இப்படி ஒரு கணக்குக் கொடுத்தால் உன் மேனேஜர் விடுவாளா? உன் அப்பா விஷயத்தில் மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை.

காத்திருந்தோம். மருந்தை நிறுத்தினார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. நீ என்னைப் பார்த்த பார்வையில் 'நான் சொன்னேனே' என்று இருந்தது. இல்லை என்று சொல்லாதே, எனக்கு உன் முகம் தெரியாதா. பிறகு ஒரு மத்தியானம் ஐ.சி.யூ. நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, "அம்மே, வேகம் வரூ, சார் கண்ணு துறந்நு" என்று கூப்பிட்டாள். ஓடினேன். கண்ணைத் திறந்திருந்தார். கூப்பிட்ட பக்கம் திரும்பினார். கையைப் பிடியுங்கள் என்றேன், பிடித்தார். நான் அழவில்லை. நீதான் அழுதாய், கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாய். அந்த அழுகை நிஜம் என்று எனக்குத் தெரியும். நீ கெட்டவளாக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. கெட்டவர்களிடம் யார் கோபித்துக்கொள்வார்கள், ஒதுங்கிப் போவோம்.

கும்பாபிஷேகம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வந்தார், காரில் முன் சீட்டில் உட்கார்ந்தபடி, தெருவின் ஒரு கோடியிலிருந்து நம் வாசல்வரைக்கும். டிரைவரை மெதுவாக ஓட்டச் சொன்னது நான்தான். மணி அவர் வீட்டு வாசலில் நின்றார். நான் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே நன்றாக இல்லை, ஆனாலும் சிரித்தேன்.

அப்பா முன்பிருந்த அப்பா இல்லை. அதையும் நான் மறுக்கவில்லை. எதையாவது எடுக்கக் கை நீட்டினால் கை துள்ளுகிறது. சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடுகிறது. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், முன்னைக்கு இப்போது குறைந்திருக்கிறது. பழைய விஷயமெல்லாம் நினைவிருக்கிறது. அவர் வேலை பார்த்த நீர்ப்பாசன ஆபீஸில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேள், சொல்வார். நேற்று நடந்தது நிற்பதில்லை. அவருக்காக நீ அலைந்தாய், பிசியோதெரபிக்கு ஆள் பிடித்தாய், லீவு போட்டுக் கூடவே இருந்தாய். எல்லாம் செய்தாய். ஆனால் அவரோடு இருந்தாயா? வாராவாரம் வந்து பரீட்சை அல்லவா வைத்தாய். "அப்பா, இன்னிக்கு என்ன கிழமை? போன வாரம் யார் வந்தா? நூறுலேருந்து ஏழு ஏழா கழி." ஒரு தடவை அவர் உன்னைப் பார்த்து, "ஏண்டி, நான் ஏதாவது வேலைக்கு மனு போட்டிருக்கேனா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அந்த வாரம் என்ன பதில் சொன்னார் என்று ஃபோனில் குறித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு வராந்தாவில் கொடுத்த தீர்ப்பு சரிதான் என்று காட்ட ஏதாவது அகப்படுகிறதா என்று நீ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாய். இதைத்தான் நான் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்.

மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை வந்தார்களே, அன்றைக்கு என்ன செய்தாய்? சமையலறையில் என்னிடம் வந்து, "அப்பாவுக்கு மட்டும் காபி கொண்டு வராதேம்மா, கொட்டிடுவார், அவாளுக்கு ஒரு மாதிரி ஆயிடும்" என்றாய். எல்லோருக்கும் டபரா டம்ளரில் காபி வந்தது. அப்பா வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். காபி என்றால் உயிரை விடுகிறவர், அடுத்தவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு, கையை முழங்காலுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாமா காபி சாப்பிடறதில்லையோ?" என்று உன் மாமியாராகப் போகிறவள் கேட்டாள். நீ முந்திக்கொண்டு, "அப்பா விட்டுட்டார் ஆன்ட்டி" என்றாய். அவர் தலையை ஆட்டினார். கொட்டினால் என்ன, வித்யா? நம் வீட்டுத் தரை. துடைக்கத் துணி இல்லையா? அந்த மனுஷர்களைப் பார்த்தால் கொட்டின காபியைப் பார்த்துப் பெண் வேண்டாம் என்று ஓடுகிறவர்களாகவா தெரிந்தது? ஓடினால் ஓடட்டுமே.

இப்போது மடி. கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும் தவிலும் நாகஸ்வரமும் ஒரேயடியாக வெடிக்கும், அப்பாவின் உடம்பு தூக்கிப் போடும், மடியில் நீ இருப்பாய், வீடியோக்காரன் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பான், எல்லோரும் பார்ப்பார்கள். இதுதானே உன் பயம்? நீ இதைச் சொல்லவில்லை, சித்தப்பா ஃபோனில் சொல்லிவிட்டார். அந்த மனுஷருக்கே கூச்சமாக இருந்தது. "மன்னி, அண்ணா இருக்கச்சே நான் எப்படி உக்காருவேன், ஆனா குழந்தை ரொம்பக் கெஞ்சறா" என்றார். பயம் நியாயமானதுதான். நானும் அதை யோசித்தேன். ஆனால் நான் உன்னைப் போல யோசித்ததோடு நிறுத்தவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டேன். மாத்திரையை முகூர்த்த நேரத்துக்கு ஏற்றபடி கொடுங்கள், சத்தம் வரப் போகிறது என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள், திடீரென்று வருவதுதான் அவருக்கு ஆகாது, பக்கத்தில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். பக்கத்தில் யார் நிற்பார்கள்? கன்னிகாதானத்துக்குத் தீர்த்தம் விடப் போகிற நான்தான் நிற்பேன். ஆமாம், நீ சித்தப்பாவை உட்கார வைத்தால் அந்தத் தீர்த்தத்தையும் சித்திதான் விடுவாள். நான் முன் வரிசையில் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கும் எனக்குக் கோபம்தான். எனக்காக இல்லை என்று பெருந்தன்மையாக எழுதத் தெரியாது எனக்கு.

இன்னொன்றும் செய்தேன். உனக்குத்தான் டெஸ்ட் எடுக்கத் தெரியுமா? வாசல் கதவைச் சாத்தினேன், அப்பாவை நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தேன், ஃபோனில் கெட்டிமேளத்தைப் போட்டு சத்தத்தைக் கூட்டினேன். முதல் தடவை துள்ளினார், நாற்காலியே நகர்ந்தது. முன்னாலேயே சொல்லிவிட்டுப் போட்டேன், பாதிதான் துள்ளினார். பிறகு, நீ சிரித்தாலும் சரி, முகத்தைச் சுளித்தாலும் சரி, நான் போய் அவர் மடியில் உட்கார்ந்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு. "என்னடி இது, உனக்கும் கல்யாணமா?" என்றார். மேளம் வந்தது. அவர் துள்ளினார், நானும் சேர்ந்து துள்ளினேன். ஆனால் அவர் இரண்டு கையும் என் இடுப்பைச் சுற்றி இறுகிவிட்டன. விழவில்லை. அந்தக் கை எதையாவது எடுக்கப் போனால்தான் துள்ளுகிறது, பிடித்துக்கொண்ட பிறகு விடுவதில்லை. இந்த முடிவு உன் ஃபோனில் எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் பேசாமல் இருந்திருக்கலாம். உன் கல்யாணம், உன் இஷ்டம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இதை எழுத வைத்தது வேறு ஒன்று. அது உனக்குத் தெரியாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

நீ சொன்னபோது அப்பா, "ஆகட்டும்டி, அவன் மடி கெட்டியா இருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உனக்கு நிம்மதி. நீ போனதும் அவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அது ஞாயிற்றுக்கிழமை. நேற்று நடந்தது அவருக்கு நிற்பதில்லை என்று எழுதினேனே, அது இதற்கும் சேர்த்துத்தான். உன் கல்யாணம் என்பது மட்டும் தினமும் காதில் விழுந்து விழுந்து நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, "முகூர்த்தத்துக்கு நான் எந்த வேஷ்டி உடுத்திக்கணும்? அவளைத் தாங்கணுமே, ஜரிகை வழுக்குமோன்னோ?" என்று கேட்டார். நான் சொன்னேன். நீங்கள் உட்காரவில்லை, உங்கள் தம்பி உட்காருகிறார் என்று. "ஏன், நான் என்ன பண்ணினேன்?" என்றார். முகம் அப்படியே இறங்கிப் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் வந்து உட்கார்ந்து, அதே சந்தோஷத்தோடு, அதே வேஷ்டியைக் கேட்டார். நான் மறுபடி சொன்னேன். மறுபடி, "நான் என்ன பண்ணினேன்?" புதன்கிழமையும் அதேதான். அவர் ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவையாகக் கேட்கிறார். நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். நான் தினமும் சொல்கிறேன்.

இன்று காலையும் கேட்டார். "வெள்ளைப் பட்டு. வழுக்காது. பயப்படாம உக்காருங்கோ, அவ உங்க மடியிலதான் உக்காரப் போறா" என்று சொல்லிவிட்டேன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கு நான் பொறுப்பு. அதை மாற்ற வேண்டும் என்றால் நீயே வந்து சொல். என் மூலமாக இல்லை, சித்தப்பா மூலமாக இல்லை, ஃபோனில் இல்லை. இதைப் படித்த மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து வா, அவர் பல் தேய்த்துவிட்டு வந்து உட்காரும்போது எதிரில் உட்கார், அவர் கேட்பார், கண்ணைப் பார்த்துச் சொல். அதற்கு அடுத்த நாள் மறுபடி வா. கல்யாணம் வரைக்கும் தினமும் வந்து சொல்.

அம்மா